ஃபில்டர் வாய்க்குக் காப்பு: ஸ்பாஞ்ச், எஸ்.எஸ். வலை, ஹீட்டர் கூடு... வாங்கத் தக்கது எது?

காலையில் லைட்டைப் போட்டதும் ஃபில்டர் குழாயின் வாயில் ஒரு நியான் டெட்ரா ஒட்டிக் கிடந்தால், எல்லோரும் முதலில் திட்டுவது ஃபில்டரைத்தான். பாதி நேரம் அது வீண்பழி. திடமாக இருக்கும் வளர்ந்த டெட்ராவை வீட்டுத் தொட்டியில் ஓடும், மணிக்கு 400, 500 லிட்டர் தண்ணீர் தள்ளும் ஃபில்டரால் பிடித்து வைக்க முடியாது. வாலை ஒரு உதறு உதறி விலகிவிடும். ராத்திரியே செத்துப்போன மீனும், சாகிற அளவுக்குத் தளர்ந்துபோன மீனும்தான் கடைசியில் அங்கே வந்து சேரும். ஆகவே பெரிய மீன் சிக்கியிருந்தால், காப்பு வாங்க ஓடுவதற்கு முன் அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் செய்துவிடுங்கள். தண்ணீர் சரியில்லை என்றால் எந்தக் காப்பும் உதவாது. அடுத்த மீன் குழாயில் ஒட்டாமல் மணலில் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காப்பு உண்மையிலேயே தேவைப்படுகிற உயிர்கள் வேறு. கப்பி, மோலி, பிளாட்டி போட்ட குட்டிகள், ஏஞ்சல் குஞ்சுகள், செர்ரி இறால் குட்டிகள் முதல் வரிசை. அடுத்தது நீந்தத் தெரிந்தும் நீந்த முடியாதவை: உடம்பைவிட வால் பெரிதாக வளர்ந்த ஹாஃப்மூன் ஃபைட்டர், கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் பபிள் ஐ தங்கமீன். பபிள் ஐயின் பை உறிஞ்சு வாயில் பட்டால் உடைந்தே போகும். கூலி லோச் இன்னொரு ரகம். அதை யாரும் இழுக்க வேண்டாம், தானாகவே குழாய்க்குள் நுழையும். காணாமல் போன லோச் மாதக் கணக்கில் கேனிஸ்டருக்குள் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் ஃபில்டர்) உயிரோடு இருந்த கதை மீன் வளர்ப்பவர்களிடம் சகஜம். கடல் தொட்டியில் அனிமோன் (பூ மாதிரி விரியும் கடல் உயிர்) தனிக் கவலை. அதைப் பின்னால் பார்ப்போம்.

சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் இதற்கென்று கிடைக்கும் சாமான்களில் முக்கால்வாசி பிராண்டு இல்லாத சீனச் சரக்கு. இன்று ஒரு பெயரில் வரும், அடுத்த லோடில் வேறு அட்டைப்பெட்டியில் வரும். அதனால் பிராண்டை வைத்து மதிப்பெண் போடுவதில் பயனில்லை. ரகத்தை வைத்துத்தான் பேச முடியும். ஒரே விதிவிலக்கு ஃப்ளூவல் எட்ஜ் தொட்டிக்கென்று வரும் சின்ன ப்ரீ ஃபில்டர் ஸ்பாஞ்ச் (உறிஞ்சு வாயில் மாட்டுவது). வேறு கம்பெனி ஹேங் ஆன் (தொட்டி விளிம்பில் தொங்கும்) ஃபில்டர்களிலும் அதைச் செருகிக்கொள்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நல்ல சாமான்தான். ஆனால் கீழே சொல்லும் கணக்கைப் பார்த்தால், அதே காசுக்குப் பெரிய சாதா ஸ்பாஞ்ச் வாங்குவதே மேல் என்று தோன்றும்.

முதலில் கணக்கு

காப்பு வாங்கும்போது எல்லோரும் ஓட்டையின் அளவைப் பார்க்கிறார்கள். குட்டி உள்ளே போகாத அளவுக்கு ஓட்டை சின்னதாக இருந்தால் போதும் என்று நினைப்பு. உள்ளே போகாது, சரி. ஆனால் வலையின் மேல் ஒட்டிக்கொண்டு அங்கேயே களைத்துச் சாகும். பார்க்க வேண்டியது உறிஞ்சும் பரப்பு எவ்வளவு என்பதை. அதே தண்ணீர் பெரிய பரப்பு வழியாக உள்ளே போனால், ஒவ்வொரு இடத்திலும் இழுப்பு குறையும்.

மணிக்கு 500 லிட்டர் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். 2×1×1 அடித் தொட்டிக்கு, அதாவது விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு, பலரும் மாட்டுவது இந்த அளவுதான். 500 லிட்டர் என்றால் வினாடிக்கு 139 கன செ.மீ. தண்ணீர். குழாயோடு வரும் பிளாஸ்டிக் சல்லடையில் 2 மி.மீ. அகலம், 1 செ.மீ. நீளத்தில் 20 பிளவுகள் இருந்தால் மொத்தத் திறப்பு 4 சதுர செ.மீ. பிளவில் தண்ணீர் வினாடிக்கு 35 செ.மீ. வேகத்தில் பாயும். 22 மி.மீ. குறுக்களவு, 8 செ.மீ. நீளம் உள்ள எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையின் பக்கப் பரப்பு 55 சதுர செ.மீ.; அதில் கம்பி போகத் திறப்பு 40 சதவீதம் என்று வைத்தால் 22. வேகம் 6 செ.மீ. சொச்சம். 5 செ.மீ. தடிமன், 10 செ.மீ. நீள உருளை ஸ்பாஞ்சுக்கு அடிமுனையையும் சேர்த்துப் பரப்பு 177 சதுர செ.மீ. அதை நெருங்கும் தண்ணீரின் வேகம் வினாடிக்கு 0.8 செ.மீ.

இன்னொன்றோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் பேசும். அமெரிக்காவில் மின் நிலையங்கள் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது மீன்கள் சல்லடையில் நசுங்காமல் இருக்க, சல்லடை வழியே வேகம் வினாடிக்கு அரை அடிக்குள், அதாவது 15 செ.மீ.க்குள் இருந்தால் போதும் என்பதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2014 விதிகளில் பல வழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம் வரவேற்பறை ஃபில்டரின் வெறும் வாய் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக இழுக்கிறது.

அழுக்கு சேர்ந்தபின் கணக்கு இன்னும் மாறும். எஸ்.எஸ். வலை முக்கால் பங்கு அடைத்துவிட்டால், மிச்சம் இருக்கும் கால் பங்கில் வேகம் 25 செ.மீ. வரை ஏறும். நடைமுறையில் பம்பின் ஓட்டமும் குறைவதால் அவ்வளவு வராது, ஆனாலும் ஏறும். ஸ்பாஞ்ச் அதே முக்கால் பங்கு அடைத்தாலும் 3 செ.மீ.தான். நீளமான வலை வாங்கினால் போதுமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெறும் வலையில் இழுப்பு சமமாகப் பரவாது. குழாய் வாயை ஒட்டிய பகுதிதான் அதிகம் உறிஞ்சும், நுனி சும்மா இருக்கும். ஸ்பாஞ்சின் தடிப்பே தண்ணீருக்கு ஒரு தடை என்பதால் அது இழுப்பைச் சுற்றிலும் பரப்பிவிடுகிறது.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சோதனை: தையல் நூல் 5 செ.மீ. எடுத்து, நனைத்து, நுனியைப் பிடித்துக் காப்புக்கு அருகே கொண்டுபோங்கள். 2 செ.மீ. தள்ளி இருக்கும்போதே நூல் நிமிர்ந்து வலையில் போய் ஒட்டினால் அந்தத் தொட்டியில் குட்டி தங்காது. நூல் லேசாகச் சாய்ந்து நின்றால் கவலை இல்லை.

ஸ்பாஞ்ச்

இந்த வரிசையில் முதல் இடம் இதற்குத்தான், போட்டியே இல்லை. ஆனால் வாங்குவதிலும் மாட்டுவதிலும் சொதப்ப நிறைய வழி இருக்கிறது.

துளை அளவை பிபிஐ என்று சொல்வார்கள், ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளை என்று. 20 பிபிஐ என்றால் துளை ஏறக்குறைய 1.3 மி.மீ., 30 என்றால் 0.85, 45 என்றால் 0.55. கப்பி, மோலி குட்டிக்கு 20 முதல் 30 போதும். செர்ரி இறால் குட்டி பிறக்கும்போது 2 மி.மீ.தான், உடம்பு நூல் மாதிரி. அதற்கு 30க்குக் கீழே இறங்க வேண்டாம். 45 பாதுகாப்பில் குறையில்லை, ஆனால் மீன் நிறைய உள்ள தொட்டியில் மூன்று நாளில் அடைத்துக்கொள்ளும். கடைகளில் பிபிஐ எழுதியே இருக்காது. ஸ்பாஞ்சை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்: காற்று தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் பரவாயில்லை. கன்னம் உப்பினால் அது மெத்தைக்குப் போடுகிற ஃபோம், வைத்துவிட்டு வாருங்கள். கிச்சனில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சும் ஆகாது. கிருமிநாசினி ஏற்றியது, சோப்பு ஏற்றியது என்று பல ரகம் வருகிறது, எது எது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நடுத்துளை குழாயைவிட 2 மி.மீ. சின்னதாக இருக்க வேண்டும். சின்ன ஹேங் ஆன் ஃபில்டர்களின் உறிஞ்சு குழாய் பெரும்பாலும் 12 முதல் 16 மி.மீ.க்குள். கேனிஸ்டர்களில் 12/16, 16/22 என்று ஹோஸ் அளவு போட்டிருப்பார்கள்: முதல் எண் உள்விட்டம், இரண்டாவது வெளிவிட்டம். உள்ளே போகும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயின் வெளிவிட்டத்தை ஒரு வெர்னியர் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. வெர்னியர் இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி ஒரு காகிதத் துண்டைச் சுற்றிக் குறித்து, அந்த நீளத்தை 3.14ஆல் வகுங்கள்.

மாட்டும்போது பலர் செய்வது, ஃபில்டரோடு வந்த பிளாஸ்டிக் சல்லடையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் ஸ்பாஞ்சைச் செருகுவது. அது வேண்டாம். ஸ்பாஞ்ச் அழுக்கில் கனத்ததும் உள்பக்கம் மடிந்து குழாய் வாயை அப்படியே அடைத்துவிடும். மொத்த இழுப்பும் ஒரே வட்டத்தில் விழும். சல்லடை உள்ளே இருந்தால் அது எலும்புக்கூடு போல ஸ்பாஞ்சை விரித்துப் பிடிக்கும். சல்லடை பெரிதாக இருந்து துளைக்குள் போகவில்லை என்றால், இரண்டு அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் சுற்றிலும் 4 மி.மீ. ஓட்டைகள் போட்டு உள்ளே வையுங்கள். இரண்டு பக்கமும் துளை உள்ள ஸ்பாஞ்சாக இருந்தால் அடித்துளைக்குள் அதே ஸ்பாஞ்சில் வெட்டிய ஒரு துண்டை இறுக்கித் திணியுங்கள். இதை மறந்துவிட்டு, ஸ்பாஞ்ச் போட்டும் குட்டி போகிறதே என்று புலம்புபவர்கள் உண்டு.

புது ஸ்பாஞ்ச் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்துக் காற்று குமிழி வருவது நிற்கும் வரை பிழிந்துவிட்டு மாட்டினால் நழுவி மேலே வராது. நீல, பச்சைச் சாயம் ஏற்றியது என்றால் முதலில் ஒரு வாளி வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்த ஸ்பாஞ்ச் தொட்டிக்கு வேண்டாம்.

இனி குறை. ஸ்பாஞ்ச் போட்டால் வேலை கூடும். வாரம் ஒருமுறை, சாப்பாடு அதிகம் போடும் தொட்டியில் வாரம் இரண்டு முறை பிழிந்தே ஆக வேண்டும். பிழியாவிட்டால் ஃபில்டருக்குத் தண்ணீர் வரத்து குறையும். மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தத் தண்ணீர்தான். ஹேங் ஆன் பெட்டிக்குள் நீர்மட்டம் இறங்குவதும், இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) கடகடவென்று சத்தம் போடுவதும் முதல் அறிகுறி. நம் ஊர் கரண்ட் நிலவரத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு: ஸ்பாஞ்ச் பாதி அடைத்திருக்கும்போது கரண்ட் போய் வந்தால், சில ஹேங் ஆன் ஃபில்டர்கள் தண்ணீரை மறுபடி ஏற்றாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டியில் தண்ணீர் மட்டமும் ஆவியாகிக் குறைந்திருந்தால் நிச்சயம் அப்படித்தான். வெளியூர் போகும் முன் ஸ்பாஞ்சைப் பிழிந்து, தண்ணீரை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போங்கள்.

கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் ஓட்டத்தை அளந்தே பார்க்கலாம். வெளிவரும் குழாயை 1 லிட்டர் பாட்டிலில் பிடித்து நேரம் பாருங்கள். 500 லிட்டர் ஓட்டம் உண்மையிலேயே இருந்தால் 7 வினாடி சொச்சத்தில் நிரம்பும். பெரும்பாலும் புதுசிலேயே 9, 10 ஆகும், ஏனென்றால் அட்டையில் போடும் எண் உள்ளே வடிகட்டும் மீடியா எதுவும் இல்லாமல், தண்ணீரை உயரம் ஏற்றாமல் அளந்தது. உங்கள் ஃபில்டரின் புது நேரத்தைக் குறித்து வையுங்கள். அது ஒன்றரை மடங்கு ஆகும்போது பிழிய வேண்டிய நாள் வந்துவிட்டது.

பிழிவதற்கும் முறை உண்டு. முதலில் பிளக்கை உருவுங்கள். ஸ்பாஞ்சை அப்படியே இழுத்தால் வாரத்து அழுக்கு முழுவதும் தொட்டியில் மேகம் கட்டும். ஒரு பாலிதீன் பையைக் கீழிருந்து கொண்டுவந்து ஸ்பாஞ்சைப் பைக்குள் வாங்கி, வாயைப் பிடித்து, அப்படியே வெளியே எடுங்கள். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் அதில் குடியேறிய நல்ல பாக்டீரியா போய்விடும். ஸ்பாஞ்சின் பாதிப் பயனே அதுதான். இறால் தொட்டி என்றால் பிழிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். மேயும் இடம் என்று குட்டிகள் ஸ்பாஞ்சிலேயே குடியிருக்கும். கைக்குப் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள், உதிர்ந்த துகள் நேராக இம்பெல்லருக்குத்தான் போகும்.

எஸ்.எஸ். வலை

பார்க்க அழகு, அதை மறுக்க முடியாது. செடித் தொட்டியில் கண்ணாடிக் குழாயும் வெள்ளி நிற வலையும் இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். கருப்பு ஸ்பாஞ்ச் உருளை ஒன்று நடுவில் நிற்பதை விரும்பாதவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். அதற்காகவே வாங்கலாம். ஆனால் குட்டி காப்பாற்ற என்று வாங்கினால் ஏமாற்றம்தான், மேலே போட்ட கணக்கே காரணம். தவிர, 1 மி.மீ. ஓட்டை உள்ளது என்றால் செர்ரி இறால் குட்டி அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்விடும்.

ஜாவா மாஸ் வளர்ப்பவர்களுக்கு இது தலைவலி. அறுந்து வரும் ஒவ்வொரு இழையும் வலையின் கண்ணில் பின்னிக்கொள்ளும், பழைய டூத் பிரஷ் கொண்டு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும். அடிமூடி தனியாக அழுத்தி மாட்டும் வகையாக இருந்தால், தேய்க்கும்போது கழன்று வந்துவிடும். கழன்றதைக் கவனிக்காவிட்டால் காப்பே இல்லாத குழாய்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தையல். வலையை உருளையாக வளைத்து வெல்டிங் பொட்டு வைத்த இடத்தில் கம்பி முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். விரலுக்குத் தெரியாது. ஒரு துண்டுப் பஞ்சை வைத்து மேலும் கீழும் தடவுங்கள். பஞ்சு இழை மாட்டினால் ஃபைட்டரின் வாலும் மாட்டும். மெல்லிய உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் சரியாகும், இல்லையென்றால் தையல் பக்கத்தைக் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டலாம், அது அரை வைத்தியம்தான்.

304 கிரேடு நன்னீருக்குப் போதும். கடல் தொட்டியில் 304 புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அங்கே உலோகமே வேண்டாம், பிளாஸ்டிக் வலை போடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால்வனைஸ்டு கொசுவலையை வெட்டிச் சுற்றுவது இன்னும் மோசம். அதன் பூச்சு துத்தநாகம். தண்ணீரில் கரைந்து மீனைக் கொல்லும். பித்தளை, செம்பு வலை இறால் தொட்டிக்கு விஷம்.

நைலான் பை என்று ஒன்று விற்கிறார்கள், கூடவே கட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் டேக். இருக்கிறதிலேயே மோசமான காப்பு இதுதான். பை சல்லடையின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொள்வதால் உறிஞ்சும் பரப்பு கொஞ்சமும் அதிகமாவதில்லை, பழைய 4 சதுர செ.மீ. அப்படியே இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டால் வீணாக்க வேண்டாம். ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் குழாய் வாயில் மாட்டி, பையை அதன் மேல் போர்த்துங்கள். வலைக்கும் வாய்க்கும் நடுவே இடைவெளி வந்ததும் அதே பை உருப்படியான காப்பாகிவிடும்.

உள்ளே முங்கி நிற்கும் ஃபில்டர்

பவர் ஹெட் (தண்ணீருக்குள் ஓடும் சின்ன பம்பு) வைத்த இன்டர்னல் ஃபில்டர்களில் உறிஞ்சு பிளவு அடியில், பக்கவாட்டில் இருக்கும். உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். கூட்டின் பிளவில் 3 மி.மீ. இடம் இருந்தால் குட்டி கூட்டுக்குள் போய் ஸ்பாஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இதற்கு வெளியே எதையும் சுற்றுவதைவிட, அடிக்கூட்டைக் கழற்றிவிட்டு பவர் ஹெட்டின் உறிஞ்சு மூக்கை நேராக ஒரு பெரிய சதுர ஸ்பாஞ்சில் செருகிவிடுவது சுலபம். விலையும் குறைவு.

இந்த வகை ஃபில்டரில் உறிஞ்சுவதைவிட அதிக மீனைக் காவு வாங்குவது அதன் முதுகுப்பக்கம். ரப்பர் கப்பில் நிற்பதால் ஃபில்டருக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு செ.மீ. சந்து இருக்கும். துரத்தப்படும் மீன் அதற்குள் பாய்ந்து திரும்ப முடியாமல் மாட்டும். ஒன்று, சந்தே இல்லாமல் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் மீன் தாராளமாகத் திரும்புகிற மாதிரி 5 செ.மீ. விடுங்கள். ரப்பர் கப் நாளாக ஆக இறுகிப் பிடி விடும். ஃபில்டர் மணலில் சாய்ந்தால் மணலை உறிஞ்சி இம்பெல்லர் தேயும், அடியில் படுத்திருந்த கோரிடோரஸ் நசுங்கும். கப் தனியாகவும் கிடைக்கிறது, இரண்டு செட் வாங்கி வைத்தால் நல்லது.

குட்டி வளர்க்கவே ஒரு தொட்டி என்றால் இந்தத் தலைவலி எதற்கும் அவசியமில்லை. ஏர் மோட்டாரில் ஓடும் சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். சுற்றும் பாகமே தண்ணீருக்குள் இல்லை. பண்ணைகளில் வரிசை வரிசையாக அதைத்தான் ஓட்டுகிறார்கள். அதற்கு வேண்டிய ஒரே பாதுகாப்புச் சாமான் செக் வால்வு, டீ குடிக்கிற காசுக்குக் கிடைக்கும். மோட்டார் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டில் இருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். மோட்டார் போகும், தரை நனையும், தொட்டி டியூப் முனை இருக்கும் மட்டம்வரை காலியாகும். வால்வின் அம்புக்குறி தொட்டியைப் பார்க்க வேண்டும். அம்பு இல்லாத வால்வில் ஊதிப் பாருங்கள், காற்று போகும் திசைதான் தொட்டிப் பக்கம். இரண்டு அவுட்லெட் உள்ள மோட்டாருக்கு இரண்டு வால்வு. உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கு விறைத்துப் போவதால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

ஹீட்டர் கூடு

சென்னையிலோ மதுரையிலோ கம்யூனிட்டி தொட்டிக்கு (பல வகை மீன்களைச் சேர்த்து வளர்ப்பது) ஹீட்டரே பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல், டிஸ்கஸ் தொட்டி, வெள்ளைப்புள்ளி வைத்தியம் என்றால் வேண்டும். கூடு வேண்டுமா என்பது மீனைப் பொறுத்தது. நடுநீரில் நீந்தும் டெட்ரா, பார்பு சூடு பட்டதும் விலகிவிடும். சக்கர் மீன், லோச் போல ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும் மீன்தான் சிக்கல். ஹீட்டர் அணைந்திருக்கும்போது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு படுக்கும். தெர்மோஸ்டாட் போட்டதும் சட்டென்று விடாது. வயிற்றில் வெள்ளையாக ஒரு பட்டைப் புண் இருந்தால் அதுதான். ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் வேறு: இவை ஹீட்டரை முட்டி உடைக்கும்.

கூட்டின் பிளவு, தொட்டியில் இருக்கும் மிகச் சின்ன மீனின் தலையைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கினால் கூடு பொறியாகிவிடும். உள்ளே நுழைந்த குட்டி லோச் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நின்று வேகும், கூடே இல்லாமல் இருந்தால் தப்பியிருக்கும். பிளவு மிகவும் குறுகினாலும் தண்ணீர் ஓட்டம் கெட்டு, ஹீட்டர் தன்னைச் சுற்றிய சூட்டையே அளந்து சீக்கிரம் அணையும், தொட்டி குளிர்ந்தே கிடக்கும். 3 மி.மீ. பிளவு, கண்ணாடிக்கும் கூட்டுக்கும் சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி, ஃபில்டர் தண்ணீர் வெளிவரும் பாதையில் படுக்கை வாட்டம்: இப்படி வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. பி.வி.சி. குழாயில் ஓட்டை போட்டுச் செய்கிறவர்கள், தண்ணீர் மாற்றும்போது பிளக்கை உருவ மறந்தால் குழாய் வளைந்து ஹீட்டரில் ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். கூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளக்கை உருவிக் கால் மணி நேரம் கழித்துத்தான் நீர்மட்டத்தை இறக்க வேண்டும்; சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கீறல் விழும்.

வேவ்மேக்கர்

தொட்டிக்குள் அலை மாதிரி நீரோட்டம் உண்டாக்கும் பம்பு இது. நன்னீர்த் தொட்டிக்குப் பெரும்பாலும் தேவையில்லாத செலவு. கடல் தொட்டியில் தவிர்க்க முடியாது. கூட்டின் பிளவு வழியாக வளர்ந்த மீன் போகாது. அனிமோன்தான் போகும். புதிதாக விட்ட அனிமோன் தனக்குப் பிடித்த இடம் கிடைக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். வேவ்மேக்கரை அடைந்தால் சின்னாபின்னமாகும், சிதறிய சதை ஒரே நாளில் மொத்தத் தொட்டியையும் கெடுக்கும். இதற்கென வரும் ஃபோம் உறைகள் நல்லவை. அனிமோன் ஒரே இடத்தில் நிலைகொள்ளும்வரை மாட்டி வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். உறை போட்டால் ஓட்டம் கணிசமாகக் குறையும், பவளத்துக்கு அது போதாது என்பதால் நிரந்தரமாக விட வேண்டாம்.

சின்ன மீன்களுக்கு ஆபத்து ஓடும்போது வருவதில்லை, நிற்கும்போதுதான். சாப்பாடு போடுவதற்காக நிறுத்தும் ஃபீட் மோடிலோ பவர் கட்டிலோ நின்றிருக்கும் கூட்டை குகை என்று நினைத்து கோபி மாதிரி மீன்கள் உள்ளே புகும். சாதா ஏ.சி. மோட்டார் கரண்ட் வந்ததும் முழு வேகத்தில் கிளம்பும். டி.சி. மோட்டாரில் மெதுவாகக் கிளம்பும் வசதி இருந்தால் மீன் வெளியேற அவகாசம் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் கொடுத்த காசுக்குத் தகுந்த விஷயம் இது ஒன்றே. வாங்கும்போது காந்தம் உங்கள் கண்ணாடித் தடிமனுக்கானதா என்று பாருங்கள். 12 மி.மீ. கண்ணாடியில் 8 மி.மீ. வரைக்கான காந்தத்தை வைத்தால் ஒரு நாள் வழுக்கி மணலில் விழும்.

வயரும் வாளியும்

தண்ணீரும் 230 வோல்ட்டும் சேர்ந்த இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் மேலே சொன்ன எதையும் மாட்ட வேண்டாம். வயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயர் வழியே வழியும் தண்ணீர் தரையில் சொட்டும், சாக்கெட்டுக்குப் போகாது. உறை கிழிந்த வயர் தண்ணீருக்குள் இருந்தால் ஷாக் மட்டும் இல்லை. வெளியே தெரியும் செம்பு மெல்லக் கரைந்து இறாலைத்தான் முதலில் முடிக்கும். காரணம் தெரியாமல் இறால் மட்டும் சாகிறது, மீன் நன்றாக இருக்கிறது என்றால் பம்பு வயரை விரலால் தடவிப் பாருங்கள், பிளக்கை உருவிய பிறகு.

தண்ணீர் மாற்ற சப்மெர்சிபிள் பம்பை நேராகத் தொட்டியில் இறக்குபவர்கள் நிறைய. ஆயிரம் லிட்டர் பம்பின் வாய், ஃபில்டர் வாயைவிட இரண்டு மடங்கு இழுக்கும், ஸ்பாஞ்சும் இருக்காது. காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை ஒன்றை வாங்கி, பம்பை அதற்குள் வைத்து, கூடையைச் சுற்றி நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். கூடையின் சுவருக்கும் பம்பு வாய்க்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்கட்டும். கூடை புதுசாக இருக்க வேண்டும், விம் வாசம் அடிக்கும் பழைய கூடை கூடாது.